சிக்னலில் மயங்கும் பத்மினி!

காந்திபுரம் பக்கம் ஒரு சிக்னல். சிவப்பு. அப்புச்சி பிரேக்கை மிதிக்கிறார். பத்மினி ரெண்டு குலுக்கு குலுக்கி, ஒரு இருமல் இருமி, அப்படியே ஆஃப். பச்சை விழுகிறது. செல்ஃப் அடிக்கிறார். கர்ர்ர்... கர்ர்ர்... ம்ஹூம்! பின்னாடி டவுன் பஸ் டிரைவர் ஹாரனிலேயே குத்துப்பாட்டு வாசிக்கிறார். பைக் பார்ட்டி ஒருத்தன் ஜன்னல் பக்கம் வந்து, "தாத்தா, மியூசியம் அவினாசி ரோட்டுலங்க!" என்று சொல்லிவிட்டுப் பறக்கிறான். (கோவையில் பழைய கார்களுக்கென்றே ஜி.டி. கார் மியூசியம் இருப்பது அந்த ரோட்டில்தான். பயலுக்கு ஜி.கே. ஜாஸ்தி!)

பக்கத்து சீட்டில் நான். மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு. ஐ.சி. இன்ஜின் பேப்பரில் 'ஓ' கிரேடு. அன்றைக்கு நான் செய்த ஒரே இன்ஜினீயரிங், துப்பட்டாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு இறங்கி வண்டியைத் தள்ளியதுதான்.

அப்புச்சி என்றால் அம்மாவைப் பெற்ற தாத்தா. கொங்குப் பக்கம் தெரியாதவர்களுக்காக இந்த டீடெய்ல். வண்டி 1986 மாடல் பிரீமியர் பத்மினி. 1089 சி.சி., நாலு சிலிண்டர், ஸ்டீயரிங்குக்குப் பக்கத்திலேயே கியர் லீவர். மும்பை குர்லாவில் 1964-ல் ஃபியட் 1100டி-யாக வெளிவந்து, எழுபதுகளில் சித்தூர் ராணியின் பெயரை வாங்கிக்கொண்ட மாடல். மும்பையின் கறுப்பு - மஞ்சள் டாக்ஸிகளில் கடைசிப் பத்மினிக்கு 2023 அக்டோபரில் ரிட்டயர்மென்ட் கொடுத்துவிட்டார்கள். எங்கள் வீட்டுப் பத்மினி, அப்புச்சி கிரைண்டர் பட்டறை நடத்திச் சேர்த்த காசில் வாங்கியது. அம்மா காலேஜுக்குப் போனதும் அதில்தான், கல்யாண மண்டபத்துக்குப் போனதும் அதில்தான்.

இப்போது அதற்கு வந்திருக்கிறது சோதனை. கார்களுக்கு முதல் 15 வருஷம் கழித்து, அப்புறம் 5 வருஷத்துக்கு ஒரு தடவை ஆர்.சி. ரினியூவல். எங்களுக்கு 2026-ல் வருகிறது. 20 வருஷம் தாண்டிய கார் என்றால் ரினியூவல் ஃபீஸ் 10,000 ரூபாய் என்று 2025 ஆகஸ்ட்டில் மத்திய அரசு ஏற்றிவிட்டது. அதுகூடப் பரவாயில்லை. புகை டெஸ்ட்டில் பாஸானால்தான் மற்றதெல்லாம். நம்ம ஆள் டெஸ்ட்டில் ஃபெயில்! "பேசாம எடைக்குப் போட்டுரலாம்ங்ப்பா" என்றார் மாமா. அப்புச்சி பதில் பேசவில்லை.

பேசாததுகூடப் பிரச்னை இல்லை. சிக்னலில் நின்ற அந்த நாளுக்குப் பிறகு அவர் சாவியையே தொடவில்லை. தினம் சாயங்காலம் அம்முச்சியை ஏற்றிக்கொண்டு கோயில், மார்க்கெட் என்று கிளம்புகிற மனுஷர், காலையில் படித்து முடித்த பேப்பரையே போர்டிகோவில் உட்கார்ந்து மறுபடி படித்துக்கொண்டிருந்தார். அம்முச்சிக்கு முட்டி வலி, பஸ் ஏற முடியாது. "ஆட்டோல போலாமே" என்றால் ரெண்டு பேருமே காதில் வாங்குவதில்லை.

'விடுங்க, நான் பார்த்துக்கறேன்' என்று களத்தில் குதித்தேன். ஐடிலில் நிற்கவில்லை என்றால் கார்புரேட்டர்தானே? யூ டியூபில் நாலு வீடியோ. கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவர். ஏர் ஸ்க்ரூவை அரைச் சுற்று உள்ளே, ஒரு சுற்று வெளியே. ஐடில் ஸ்க்ரூவை டைட் வைத்தேன். வண்டி 'ஊஊ'வென்று கத்திக்கொண்டு நின்றது. நின்றதே! வெற்றிச் சிரிப்போடு ஒரு ரவுண்டு போனால், பிக்கப் இல்லை, சைலன்சர் பட்டாசு வெடிக்கிறது, டெம்பரேச்சர் முள் மேலே மேலே ஏறுகிறது. எனக்கு முன்னால் ரெண்டு மெக்கானிக்குகள் இதையேதான் செய்து காசும் வாங்கியிருந்தார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. அந்த வகையில் நான் ஃப்ரீ சர்வீஸ்!

கடைசியில் சரணடைந்தது கணபதி பக்கம் ஒரு தகரக் கொட்டகையில். ஃபியட்டும் அம்பாசடரும் தவிர வேறு வண்டியைத் திரும்பிப் பார்க்காத பெரியவர் ஒருத்தர் இருக்கிறார். வயசு எழுபதைத் தொடுகிறது. எல்லோருக்கும் அவர் 'ஐயா'. பேர் போட வேண்டாம் என்று கண்டிஷன். "பேர் போட்டா கூட்டம் வரும். கூட்டம் வந்தா அவசரம் வரும். அவசரத்துல டைமிங் வெக்க முடியாது அம்மிணி" என்றார்.

நான் போன உடனே, "கார்புரேட்டர்ல ஜெட் அடைச்சிருக்குமுங்களா ஐயா?" என்றேன், பேப்பரில் 'ஓ' வாங்கிய தோரணையோடு. அவர் கார்புரேட்டர் பக்கமே திரும்பவில்லை. அப்புச்சியிடம் ஒரு கேள்வி: "ஏனுங்க, காலைல எடுக்கறப்ப நிக்குதுங்களா? சூடானதுக்கு அப்புறம்தான் இந்த வேலையுங்களா?"

"காலைல சோக் போட்டா நிக்குது. ஏழெட்டு கிலோமீட்டர் ஓடிச்சுன்னா போச்சு."

"எத்தனை நாளா?"

"ஒரு வருஷமா கொஞ்சங்கொஞ்சமா..."

'கொஞ்சங்கொஞ்சமா' என்ற அந்த வார்த்தையை ஐயா பிடித்துக்கொண்டார். தூசி அடைப்பு ஒரே நாளில் வரும். மெல்ல மெல்ல வந்தது என்றால் எதுவோ தேய்கிறது என்று அர்த்தம். இந்த இன்ஜினில் ஓயாமல் தேய்கிற இடம் டிஸ்ட்ரிபியூட்டர்!

இங்கே ஆர்ட்ஸ் காலேஜ் மக்களுக்காக ஒரு நிமிஷம். (மெக்கானிக்கல் மக்களும் படிக்கலாம், யாருக்கும் சொல்ல மாட்டேன்.) ஸ்பார்க் அடித்த உடனே சிலிண்டரில் மொத்த பெட்ரோலும் 'டப்'பென்று எரிந்துவிடாது. தீ பரவ ஒரு நேரம் வேண்டும். சும்மா கணக்குக்கு 2 மில்லி செகண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். 800 ஆர்.பி.எம்.மில் அந்த 2 மில்லி செகண்டுக்குள் கிராங்க் ஷாஃப்ட் சுமார் 10 டிகிரி சுற்றிவிடும். 3000-ல் 36 டிகிரி! அதனால் பிஸ்டன் உச்சிக்கு வருவதற்கு முன்னாடியே ஸ்பார்க் அடித்தாக வேண்டும். ஓடுகிற டவுன் பஸ்ஸில் தொற்றுகிற பையன் பஸ் பக்கத்தில் வந்த பிறகா ஓட ஆரம்பிக்கிறான்? முன்னாடியே ஓட ஆரம்பித்தால்தான் கம்பி கைக்குச் சிக்கும். பஸ் ஸ்பீடா வந்தால் இன்னும் முன்னாடி. அதுதான் இக்னிஷன் டைமிங், அதுதான் அட்வான்ஸ்.

இன்றைய கார்களில் இதை இ.சி.யூ. பார்த்துக்கொள்கிறது. பத்மினியில் அந்த வேலையைச் செய்வது டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கிற ரெண்டு குட்டி எடைகளும் ரெண்டு ஸ்பிரிங்கும். ஸ்பீடு ஏற ஏற எடைகள் விரிந்து ஸ்பார்க்கை முன்னாடி தள்ளும். ஸ்பார்க்கை எழுப்புவது சி.பி. பாயிண்ட். அது மூடியிருக்கும்போது காயிலில் கரண்ட் ஏறும். திறக்கிற அந்த நொடியில் ஸ்பார்க். அமெரிக்க இன்ஜினீயர் கெட்டரிங் 1910-ல் கேடிலாக் காருக்குக் கொடுத்த அதே ஐடியா, 1986 பத்மினியிலும் அப்படியே இருக்கிறது. மனுஷன் செமஸ்டர் ப்ராஜெக்ட்டாக இதைச் செய்திருந்தால் எந்த கிரேடு போட்டிருப்பார்களோ!

சரி, கொட்டகைக்கு வருவோம். ஐயா முதலில் நாலு பிளக்கையும் கழற்றி, எந்த சிலிண்டரில் எது இருந்தது என்ற வரிசை மாறாமல் பலகையில் வைத்தார். ஒன்று, நாலு ரெண்டும் டீக்கலர். இது ஓ.கே. ரெண்டாவது கொஞ்சம் கறுப்பு. மூணாவது சுத்தமாகக் கரி. "கார்புரேட்டர் ஒண்ணுதானே அம்மிணி இருக்குது. அது தப்புப் பண்ணுனா நாலு பிளக்குமில்ல கருக்கோணும்?" என்றார். எனக்கு அங்கேயே பாதி டிகிரி கிழிந்த மாதிரி இருந்தது. (பின்னே, ஏர் லீக் மாதிரி விஷயத்தாலும் ஒரு சிலிண்டர் மட்டும் மாறுபடலாம். ஆனால் அது பிளக்கை வெளுக்க வைக்கும், கருக்க வைக்காது.)

அப்புறம் டிஸ்ட்ரிபியூட்டர் மூடி. உள்ளே விரிசலோ கரிக்கோடோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரோட்டார் முனையைத் துடைத்தார். சி.பி. பாயிண்டில் ஒரு பக்கம் குழி, இன்னொரு பக்கம் மேடு. ஃபீலர் கேஜ் விட்டால் 0.4 மில்லி மீட்டர் வாக்கில் இருக்க வேண்டிய இடைவெளி 0.25 கூட இல்லை. கேமில் உரசுகிற அந்த ஃபைபர் குதிகால் தேய்ந்துபோய் கேப் குறைந்திருக்கிறது. கேப் குறைந்தால் பாயிண்ட் லேட்டாகத் திறக்கும். லேட்டாகத் திறந்தால் ஸ்பார்க் லேட்! பாயிண்ட் மூடியிருக்கிற டிகிரிக்கு டுவெல் என்று பேர். டுவெல் ஒரு டிகிரி ஏறினால் டைமிங் ஒரு டிகிரி பின்னால் போகும். அதனால்தான் பாயிண்ட் கேப்பைத் தொடாமல் டைமிங் வைத்தாலும் வீண், டைமிங் வைத்த பிறகு கேப்பைத் தொட்டாலும் வீண்.

இப்போது எங்கள் வண்டிக்கு ஒரு வருஷமாக நடந்த அநியாயம் புரிந்தது. குதிகால் தேய, ஸ்பார்க் லேட் ஆக, ஐடிலில் வண்டிக்குத் தெம்பு இல்லை. நின்றுபோகிறது. முதல் மெக்கானிக் ஐடில் ஸ்க்ரூவை ஏற்றிவிட்டார். 1200 ஆர்.பி.எம்.மில் வண்டி நின்றது. ரெண்டாவது ஆள் அதே 1200-ல் டைமிங் லைட் அடித்துப் பார்த்தார். அந்த வேகத்தில் டிஸ்ட்ரிபியூட்டர் எடைகள் ஏற்கெனவே விரிய ஆரம்பித்துவிடும்! லைட்டில் கோடு சரியான இடத்தில் தெரியும், ஆனால் அந்த டிகிரியில் பாதி எடைகள் கொடுத்த கடன். மூணாவதாக யாராவது ஐடிலை இறக்கினால் எடைகள் சுருங்கும், கடன் போகும், ஸ்பார்க் முன்னைவிட லேட். மறுபடி ஆஃப். மறுபடி ஸ்க்ரூவை ஏற்று! மூணாவதாக வந்த அந்த 'யாராவது' நானேதான். ஐடில் ஸ்க்ரூவை ரொம்ப ஏற்றினால் இன்னொரு கூத்து: த்ராட்டில் தட்டு அளவுக்கு மேல் திறந்து, அடுத்த கட்டத்துக்கு உள்ள பெட்ரோல் ஓட்டைகள் வேலை செய்ய ஆரம்பித்துவிடும். அப்புறம் ஏர் ஸ்க்ரூவை எத்தனை தடவை திருகினாலும் இன்ஜின் சட்டை செய்யாது. நான் அரை நாள் திருகியது அப்படித்தான் காற்றில் போச்சு.

புது பாயிண்ட் போட்டார். கண்டென்சரை மாற்றுவார் என்று பார்த்தால் பழையதையே திரும்ப மாட்டினார். "ஓடிட்டிருக்கற கண்டென்சர கழட்டிப் போடாதே. புதுசு எத்தனை நாளைக்கு வரும்னு எவனுக்குத் தெரியும்?" புது பார்ட் என்றால் நல்ல பார்ட் என்று நினைக்கிற ஆள் நான். குறித்துக்கொண்டேன்.

பிறகு டைமிங். மிஷின் ஏதாவது எடுப்பார் என்று பார்த்தால், ஒரு பல்பு, ரெண்டு வயர்! நாலு பிளக்கும் வெளியில்தான் இருக்கிறது. ஒன்றாம் நம்பர் ஓட்டையில் கசக்கிய பேப்பர் உருண்டையை லேசாகச் செருகினார். வண்டியை டாப் கியரில் போட்டு, என்னைப் பின்னாலிருந்து மெதுவாகத் தள்ளச் சொன்னார். (என் கேரியரே இதுதான் போலிருக்கிறது.) 'பொசுக்'கென்று பேப்பர் வெளியே பறந்தது. அதுதான் கம்ப்ரஷன். இன்னும் கொஞ்சம் தள்ள, புல்லியில் உள்ள கோடு மார்க்குக்கு நேராக வந்தது. நிறுத்து! இக்னிஷன் ஆன். டிஸ்ட்ரிபியூட்டரில் காயில் வயர் வந்து சேரும் முனைக்கும் பாடிக்கும் நடுவில் பல்பு. நட்டை லூஸ் பண்ணி, டிஸ்ட்ரிபியூட்டரை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். பல்பு எரிந்த அந்த இடம்தான் பாயிண்ட் திறக்கிற இடம். டைட்! ரோட்டார் சுற்றுகிற திசைக்கு எதிராகத் திருப்பினால் அட்வான்ஸ், அதே திசையில் திருப்பினால் ரிட்டார்ட். செமஸ்டருக்கு நான் மனப்பாடம் பண்ணிய ஒன்றரைப் பக்கம் அவர் கையில் ரெண்டு நிமிஷம்.

இதைப் படித்துவிட்டு வீட்டு வண்டியில் கை வைக்கப் போகிறவர்களுக்கு: இக்னிஷனை ஆன் பண்ணி இன்ஜின் ஓடாமல் பத்து நிமிஷம் விட்டால் காயில் சூடாகிப் போய்விடும். பல்பு பார்த்தவுடன் ஆஃப். இன்ஜின் ஓடும்போது பிளக் வயரைக் கையால் பிடித்துப் பார்க்கிற வீர விளையாட்டும் வேண்டாம். அது ஆயிரக்கணக்கான வோல்ட்.

ஸ்டார்ட் செய்தோம். முன்னைக்கு இப்போது எவ்வளவோ மேல். நான் கைதட்டப் போனேன். ஐயா முகத்தில் திருப்தி இல்லை. டைமிங் லைட்டை எடுத்து அடித்தார். அந்த லைட்டுக்கு புல்லிக் கோடு அசையாமல் நிற்க வேண்டும். எங்கள் கோடு முன்னும் பின்னுமாக டான்ஸ் ஆடியது. இன்ஜினை நிறுத்தி, ரோட்டாரைக் கழற்றி, டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டை ரெண்டு விரலால் பக்கவாட்டில் அசைத்தார். கடகடவென்று ஆடியது! "இங்க பாரு." ஷாஃப்டை ஒரு பக்கம் அழுத்தினால் பாயிண்ட் கேப் 0.4. மறுபக்கம் அழுத்தினால் அதில் பாதி. ஒவ்வொரு முனையிலும் கேஜ் விட்டுப் பார்த்தால் நாலுக்கு நாலு அளவு.

வில்லன் சிக்கினான்! ஷாஃப்ட் உட்காருகிற புஷ் தேய்ந்திருக்கிறது. ஷாஃப்ட் ஆடுவதால் ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஸ்பார்க் ஒவ்வொரு நேரத்துக்குப் போகிறது. ஒன்றாம் நம்பருக்கு டைமிங் சரியாக வைத்தாலும் மூணாம் நம்பருக்கு அது தப்பு. வேகமாகப் போகும்போது தெரியாது, ஐடிலில் நாலு பேரும் ஒரே மாதிரி தள்ளாவிட்டால் வண்டி நடுங்கும். எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியாகப் போகும். புகை டெஸ்ட்டில் ஹைட்ரோ கார்பன் எகிறியதும் அதனால்தான். பத்மினி காலத்து பெட்ரோல் கார்களுக்கு லிமிட், கார்பன் மோனாக்ஸைடு 3 சதவிகிதம், ஹைட்ரோ கார்பன் 1500 பி.பி.எம். எங்களுக்கு இரண்டாவது 2000-த்தைத் தாண்டியிருந்தது. நான் அதையும் கார்புரேட்டர் தலையில்தான் போட்டிருந்தேன்.

டிஸ்ட்ரிபியூட்டர் முழுசாகப் புதிது வாங்கலாமா என்றேன். பாயிண்டுக்குப் பதிலாக எலெக்ட்ரானிக் கிட் போடுகிறவர்களும் உண்டு. அடிக்கடி கேப் பார்க்கிற தொல்லை போகும், ஆனால் ஷாஃப்ட் ஆடினால் அதுவும் முழுசாகக் கைகொடுக்காது. "நாலு கடை தள்ளி லேத் இருக்குது. ஊரு கோயமுத்தூரு! புஷ் கடையறதுக்கா பஞ்சம்?" என்று முடித்துவிட்டார் ஐயா. லேத் அண்ணன் மைக்ரோ மீட்டர் வைத்து ஷாஃப்டை அளந்து, கன்மெட்டலில் புதுப் புஷ் கடைந்து இறக்கித் தந்தார். கூலியோடு 600 ரூபாய். அரைநாள் அங்கேயே நின்று பார்த்தேன். காலேஜ் ஒர்க்ஷாப்பில் ஒரு வருஷம் ஸ்டெப் டர்னிங் செய்தபோது, இது எதற்கு என்று ஒருத்தரும் சொன்னதில்லை.

மறுபடி மாட்டி, கேப் வைத்து, பல்பு வைத்து, லைட் அடித்தால், கோடு சுவரில் ஒட்டிய பல்லி மாதிரி நின்றது! இந்த மாதிரி இன்ஜின்களுக்குப் பொதுவாக ஐடிலில் 5-லிருந்து 10 டிகிரிக்குள் அட்வான்ஸ் கேட்பார்கள், மாடலுக்குரிய நம்பர் அந்தந்த மேனுவலில் இருக்கும். அம்பாசடர் மாதிரி வேக்குவம் அட்வான்ஸ் வைத்த வண்டி என்றால் அந்த டியூபைக் கழற்றி அடைத்துவிட்டுத்தான் லைட் அடிக்க வேண்டும் என்று ஐயா எக்ஸ்ட்ரா டிப்ஸும் கொடுத்தார். டியூபில் வாய் வைத்து உறிஞ்சி நாக்கால் மூடினால், நாக்கு ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் உள்ளே டயஃபிரம் கிழிந்திருக்கிறது. இந்த டெஸ்ட்டுக்கு எந்த லேப் மேனுவலிலும் படம் கிடையாது.

எல்லாம் முடிந்து கடைசியாகத்தான் கார்புரேட்டர் பக்கம் வந்தார். அதிலும் ஸ்க்ரூ டிரைவர் எடுக்கவில்லை. ஆயில் கேனால் கார்புரேட்டர் அடிப் பேக்கிங்கைச் சுற்றி ரெண்டு சொட்டு விட்டார். இன்ஜின் சத்தம் சட்டென்று மாறியது. அங்கே காற்று இழுக்கிறது என்று அர்த்தம். பேக்கிங் மாற்றினோம். ரப்பர் பெட்ரோல் டியூபையும் மாற்றச் சொன்னார். 2025-லிருந்து பங்க்கில் வருவது 20 சதவிகிதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எண்பதுகளின் ரப்பரை அது சும்மா விடாது; கலவையையும் கொஞ்சம் மெலிதாக்கும். பிறகு ஐடிலை இறக்கி, ஏர் ஸ்க்ரூவை இன்ஜின் சத்தம் அதிகமாகிற இடம் வரை திருப்பி, மறுபடி ஐடிலை இறக்கி... 750-ல் வந்து நின்றது பத்மினி. டீ கிளாஸை ஏர் கிளீனர் மேல் வைத்தார் ஐயா. டீ சிந்தவில்லை. ஆனால் ஆறிப் போயிருந்தது, எனக்குத்தான் நஷ்டம்.

என் அரை நாள் வேலை ஏன் உருப்படவில்லை என்று அவரிடமே கேட்டேன். "நீ மூணு ஸ்க்ரூவ ஒண்ணாத் திருகுன. நல்லாயிருந்தாலும் எதனாலனு தெரியாது, கெட்டுப்போனாலும் எதனாலனு தெரியாது. அம்மிணி, ஒண்ணத் தொடு, ஓட்டிப் பாரு, அப்புறமா அடுத்ததத் தொடு" என்றார். எங்கள் டிசைன் ஆஃப் எக்ஸ்பெரிமென்ட்ஸ் புரொபசர் இதைப் படித்தால் மன்னிக்கவும்.

அடுத்த வாரம் புகை டெஸ்ட். ஹைட்ரோ கார்பன் 620. கார்பன் மோனாக்ஸைடு 2.1. பாஸ்! ரிசல்ட் ஸ்லிப்பை மாமாவுக்கு வாட்ஸ்அப் செய்தேன். ப்ளூ டிக் வந்தது, பதில் வரவில்லை. 10,000 ரூபாயை யார் கட்டுவது என்ற பஞ்சாயத்து இன்னும் இருக்கிறது.

அன்றைக்கு சாயங்காலம் அப்புச்சி சட்டை மாற்றிக்கொண்டு வந்து, ஒன்றும் சொல்லாமல் சாவியை எடுத்தார். அம்முச்சி பின் சீட்டில், நான் முன்னால். அதே காந்திபுரம், அதே சிக்னல், அதே சிவப்பு. 90 செகண்ட். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆம்ப் மீட்டரையும் ஆயில் லைட்டையும் மாறி மாறிப் பார்க்கிறேன். பத்மினி பூனை மாதிரி உறுமிக்கொண்டு நிற்கிறது. 80... 70... 60...

அப்புச்சி நிதானமாகக் கையை நீட்டி, சாவியைத் திருப்பி இன்ஜினை ஆஃப் பண்ணினார்.

"என்னங்க அப்புச்சி?!" என்று அலறினேன்.

"பெட்ரோல் விக்கற வெலைல சும்மா ஓடோணுமா சாமி? பச்சை விழுகட்டும், எடுத்துக்கலாம்."

விழுந்தது. ஒரே செல்ஃப்.